லெமன் டிராப்: புளிப்பு எங்கேயும் போகவில்லை

வேலியோரம் சங்குப்பூ பூத்திருந்தால் ஏழெட்டுப் பறித்து வெந்நீரில் போட்டு வையுங்கள். ஐந்து நிமிடத்தில் நீர் நல்ல நீலமாகிவிடும். ஆறியதும் எலுமிச்சையைச் சொட்டுச் சொட்டாகப் பிழிந்தால் நீலம் ஊதாவாகி, பிறகு ரோஜா நிறத்துக்கு வரும். பூவிலுள்ள ஆந்தோசயனின் என்னும் நிறமி, நீரில் அமிலம் ஏறுவதைக் கண்ணுக்குக் காட்டுகிறது. இப்போது அதில் நாலைந்து ஸ்பூன் சர்க்கரையைப் போட்டுக் கலக்கி ஒரு வாய் குடித்துப் பாருங்கள். முகத்தைச் சுளிக்க வைத்த புளிப்பு பாதியாகக் குறைந்திருக்கும். தம்ளரைப் பார்த்தால் நிறத்தில் மாற்றமே இருக்காது.

அதாவது அமிலம் துளியும் குறையவில்லை. சர்க்கரை அமிலமும் இல்லை, காரமும் இல்லை; எலுமிச்சையின் சிட்ரிக் அமிலத்தோடு அதற்கு எந்தக் கொடுக்கல் வாங்கலும் கிடையாது. புளிப்பை உண்மையாகவே கொல்ல வேண்டுமானால் சமையல் சோடாவை ஒரு சிட்டிகை போட வேண்டும். நுரைத்துப் பொங்கி, நிறம் மறுபடி நீலத்துக்குத் திரும்பும். அந்தத் தண்ணீரை யாரும் விரும்பிக் குடிக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

சர்க்கரை செய்யும் வேலை முழுக்க நம் தலைக்குள் நடக்கிறது. ராமநவமிப் பானகமும் இந்த வித்தையில்தான் நிற்கிறது, கடைத்தெரு சர்பத்தும் அப்படித்தான். வோட்காவைச் சேர்த்து அதே வித்தையைக் காட்டும் பானம் லெமன் டிராப். 1970களில் சான்பிரான்சிஸ்கோவில் நார்மன் ஜே ஹாப்டே என்பவர் நடத்திய 'ஹென்றி ஆப்பிரிக்காஸ்' என்ற மதுக்கூடத்தில் பிறந்ததாகச் சொல்வார்கள். தொட்டிச் செடிகளும் வண்ணக் கண்ணாடி விளக்குகளுமாக, பெண்களும் கூச்சமில்லாமல் வந்து உட்காரும்படி அமைத்த இடம் அது. பானத்துக்குப் பெயர் கொடுத்தது ஒரு மிட்டாய்: சர்க்கரை தூவிய, புளிப்பும் இனிப்புமான எலுமிச்சை மிட்டாய்.

நாக்கில் புளிப்பை உணரும் செல்கள் தனி, இனிப்பை உணரும் செல்கள் தனி. அமிலம் நீரில் கரைந்ததும் ஹைட்ரஜன் அயனிகள் வெளிவருகின்றன. புளிப்புச் செல்களின் சவ்வில் அவை நுழைவதற்கென்றே ஒரு வாசல் இருக்கிறது. ஓட்டோபெட்ரின்-1 என்ற அந்தப் புரதம்தான் புளிப்பின் உணர்வி என்பது 2019-இல்தான் உறுதியானது; அடிப்படைச் சுவைகளில் ஒன்றுக்கு இவ்வளவு தாமதமாக விடை கிடைத்தது ஆச்சரியம்தான். இனிப்பு வேறு வழியில் போகிறது. சர்க்கரை மூலக்கூறு ஏற்பி ஒன்றில் வந்து பொருந்த, செல்லுக்குள் சங்கிலித் தொடராகச் சமிக்ஞை கிளம்புகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் மூளையைச் சேரும்போது ஒன்றை ஒன்று அமுக்குகின்றன. எலுமிச்சைச் சாற்றில் சர்க்கரை போட்டால் புளிப்பு மட்டும் குறைவதில்லை, சர்க்கரையின் இனிப்பும் குறைகிறது.

இதற்குச் சாட்சி நம் ஊரிலேயே இருக்கிறது. சிறுகுறிஞ்சான் இலையை மென்றவர்களுக்குத் தெரியும்: அதன்பின் வாயில் போடும் சர்க்கரை வெறும் மணல். சர்க்கரைக்கொல்லி என்ற பெயரே அதனால் வந்தது. இலையிலுள்ள ஜிம்னீமிக் அமிலங்கள் இனிப்பு ஏற்பியை அடைத்துக்கொள்கின்றன. இலையை மென்று முடித்த கையோடு, நன்றாக இனிப்புப் போட்ட எலுமிச்சை சர்பத்தைக் குடித்தால் இனிப்பு காணாமல் போய், ஒளிந்திருந்த புளிப்பு முழுசாக வெளியே வரும். மறைக்கிற ஆளை அப்புறப்படுத்தினோம், அவ்வளவுதான். (விருந்தாளிகளிடம் சொல்லாமல் இதைச் செய்யாதீர்கள். அவர்கள் அடுத்துச் சாப்பிடும் பாயசமும் பாழாகும்.)

எவ்வளவு புளிப்புக்கு எவ்வளவு இனிப்பு என்பதில்தான் வீட்டில் கலக்குபவர்கள் வழுக்குகிறார்கள். எலுமிச்சைச் சாற்றில் அமிலம் ஏறக்குறைய 6 சதவீதம். 25 மி.லி. சாற்றில் ஒன்றரை கிராம். எடைக்கு எடை சர்க்கரையும் நீரும் சேர்த்துக் கரைத்த பாகில் 25 மி.லி. எடுத்தால் அதில் சர்க்கரை சுமார் 15 கிராம். ஒன்றுக்குப் பத்து. இந்த விகிதத்தை ஒட்டி நின்றால் பானம் புளிப்பாகவும் இருக்கும், இனிப்பாகவும் இருக்கும், எது முந்துகிறது என்று சொல்ல முடியாது. இதோடு வோட்கா 60 மி.லி. ஆரஞ்சுத் தோல் மணமுள்ள ட்ரிபிள் செக் என்ற மது கைவசம் இருந்தால் 15 மி.லி. சேர்த்து, அதுவும் இனிப்பு என்பதால் பாகில் 10 மி.லி. குறைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டாலும் குறைவில்லை.

பாகு எதற்கு, சர்க்கரையை அப்படியே போட்டால் என்ன? நான் போட்டுப் பார்த்தேன். முதல் வாய் கண்ணில் நீர் வரவழைத்தது, கடைசி வாய் பல்லில் நறநறத்தது. அறை வெப்பத்தில் 100 கிராம் நீர் ஏறக்குறைய 200 கிராம் சர்க்கரையைக் கரைத்துக்கொள்ளும். சுத்த ஆல்கஹாலில் சர்க்கரை கரையவே கரையாது என்று சொல்லிவிடலாம். பாதிக்குக் கொஞ்சம் குறைய ஆல்கஹாலாக உள்ள வோட்காவில், அதுவும் ஐஸ் போட்டுக் குளிர்ந்துவிட்டால், சர்க்கரைப் பருக்கைகள் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

எலுமிச்சை பற்றி ஒரு திருத்தம். தென்காசி மாவட்டத்துப் புளியங்குடிச் சந்தையில் மூட்டை மூட்டையாக இறங்கும் நம் உருண்டை எலுமிச்சை, சான்பிரான்சிஸ்கோ மதுக்கூடத்தில் பிழிந்த லெமன் இல்லை. லெமன் தடித்த மஞ்சள் தோலும் நுனியில் ஒரு மொட்டும் கொண்ட வேறு இனம். நம்முடையது தாவரவியல் கணக்கில் லைம் வகை: மெல்லிய தோல், சற்றுக் கூடுதல் புளிப்பு, வேறு மணம். லெமன் கிடைக்காத ஊரில் நம் எலுமிச்சையைப் போட்டால் 20 மி.லி.யில் நிறுத்திச் சுவைத்துப் பார்ப்பது நல்லது.

எதுவானாலும் மணம் தோலில்தான். தோலின் மேற்பரப்பில் தெரியும் சின்னச் சின்னப் புள்ளிகள் எண்ணெய்ப் பைகள். லிமோனீன், சிட்ரால் என்ற மணப்பொருள்கள் எல்லாம் அவற்றுக்குள். இந்த எண்ணெய் நீரில் கரையாது, ஆல்கஹாலில் நன்றாகக் கரையும். அதனால் மஞ்சள் தோலை மட்டும் சீவி வோட்காவில் இரண்டு நாள் ஊறப்போட்டால் கடையில் விலை கூட்டி விற்கும் எலுமிச்சை வோட்கா வீட்டிலேயே தயார். உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதி சேரக்கூடாது, கசக்கும். வோட்காவுக்கென்று சொந்த மணம் அதிகம் கிடையாது. 2020 வரை அமெரிக்கச் சட்டம் அதைத் தனித்த குணமோ மணமோ சுவையோ நிறமோ இல்லாத சாராயம் என்றே வரையறுத்திருந்தது. எலுமிச்சைத் தோலுக்கு இதைவிடப் பணிவான பாத்திரம் அமையாது.

சாறு விஷயத்தில் என் அம்மாவின் எலுமிச்சைச் சாத விதியே போதும்: "அடுப்பை அணைச்சிட்டுப் பிழி, கொட்டையை நசுக்காதே." சாற்றில் சுவையில்லாத ஒரு சேர்மம் இருக்கிறது. பிழிந்த பிறகு அமிலத்தின் தூண்டுதலில் அது மெல்ல மெல்ல லிமோனின் என்ற கசப்புப் பொருளாக மாறும். சூடு அந்த மாற்றத்தை விரட்டுகிறது. கொட்டையில் லிமோனின் ஏற்கெனவே நிறைய. காலையில் பிழிந்து ஃபிரிட்ஜில் வைத்த சாறு சாயங்காலம் ஏன் சப்பென்று கசக்கிறது என்பதற்கும் பாதி பதில் இதில் இருக்கிறது. பழத்தை வெயிலில் உட்கார்ந்து பிழிய வேண்டாம். தோலிலுள்ள ஃபியூரானோகூமரின்கள் என்ற சேர்மங்கள் கையில் பட்டு, மேலே வெயிலும் பட்டால் தீப்புண் போலக் கொப்புளிக்கும்.

இனி ஐஸ். இந்தப் பானத்தில் நான் அதிகம் ரசிப்பது இந்த இடத்தைத்தான். பலர் ஐஸைக் குளிர்ச்சிக்கு மட்டும் என்று நினைத்து, உருகி நீர் சேர்வதைக் குற்றமாகப் பார்க்கிறார்கள். உருகாத ஐஸ் பெரிதாக எதையும் குளிர்விக்காது. ஒரு கிராம் ஐஸ் உருகுவதற்கு 334 ஜூல் வெப்பம் வேண்டும். ஒரு கிராம் நீரை 80 டிகிரியிலிருந்து பூஜ்யத்துக்கு இறக்கும்போது வெளியேறும் வெப்பம் அது. அந்த வெப்பத்தை ஐஸ் நம் வோட்காவிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறது. குளிர்ச்சியும் நீர்ப்பும் ஒரே செயலின் இரண்டு முகம்.

அதைவிட வேடிக்கை, பூஜ்யம் டிகிரி ஐஸைப் போட்டுக் குலுக்கினால் பானம் பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸ் 5 டிகிரி வாக்கில் போய் நிற்கிறது. குளிர்விக்கிற பொருளைவிடக் குளிர்விக்கப்படுகிற பொருள் எப்படி அதிகம் குளிரும்? குல்ஃபிக்காரரிடம் கேட்டால் தெரியும். அவர் பானையில் ஐஸோடு கல்லுப்பைக் கொட்டுவார். உப்புக் கரைந்த நீர் பூஜ்யத்தில் உறையாது, ஆகவே அதைத் தொடும் ஐஸ் உருகிக்கொண்டே போகும். உருக வெப்பம் வேண்டும், வெளியிலிருந்து கிடைக்கும் வேகம் போதாது. ஐஸும் நீரும் தங்களிடமிருக்கும் வெப்பத்தையே செலவழித்துப் பூஜ்யத்துக்குக் கீழே இறங்குகின்றன. ஷேக்கரில், அதாவது பானத்தைக் குலுக்கும் மூடிபோட்ட பாத்திரத்தில், கல்லுப்பின் வேலையை ஆல்கஹால் பார்க்கிறது. நீர் சேரச் சேர ஆல்கஹாலின் செறிவு குறையும், உறைநிலை மேலேறும். பானத்தின் வெப்பநிலையும் அதன் உறைநிலையும் ஒன்றையொன்று தொட்டதும் ஆட்டம் முடிந்தது. நன்றாகக் குலுக்கினால் 10, 15 நொடியில் இந்த இடம் வந்துவிடும். அதற்குமேல் குலுக்கினால் கை வலிப்பதுதான் மிச்சம்.

கணக்கும் போட்டுவிடலாம். நம் அளவில் 110 மி.லி. கலவை. அறை 30 டிகிரி என்றால் 35 டிகிரி இறங்க வேண்டும். ஏறக்குறைய 15,000 ஜூல். 334-ஆல் வகுத்தால் 45 கிராம் ஐஸ் உருகுகிறது. கோப்பையில் விழுவது 155 மி.லி. வோட்காவின் 40 சதவீத ஆல்கஹால் 15, 16 சதவீதத்துக்கு வந்திருக்கும். சர்க்கரை 10 சதவீதம், கோலாவுக்குச் சமம். அமிலம் 1 சதவீதம். இந்த 45 கிராம் நீரும் செய்முறையில் எழுதாத ஒரு பொருள்தான்.

அதனால்தான் வோட்காவை ஃபிரீசரில் வைத்து எடுத்துக் கலக்கினால் ருசி கெடுகிறது. வீட்டு ஃபிரீசரின் மைனஸ் 18-இல் வோட்கா உறையாது, அதன் உறைநிலை மைனஸ் 27 வாக்கில். ஆனால் ஏற்கெனவே குளிர்ந்த வோட்கா ஐஸை அதிகம் உருக்காது. போதுமான நீர் சேராமல் பானம் தடித்துக் காட்டமாக நிற்கும். அறையில் இருந்த பாட்டிலே இதற்கு நல்லது. ஷேக்கர் இல்லையென்று கவலைப்பட வேண்டாம், அகல வாய் உள்ள எவர்சில்வர் தண்ணீர் பாட்டில் போதும். கண்ணாடிப் பாட்டில் மட்டும் ஆகாது, ஐஸ் மோதி விரிசல் விடும்.

மைனஸ் 5 டிகிரி நாக்குக்கு என்ன செய்கிறது? 2005-இல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை விளக்கினார்கள். இனிப்புச் சமிக்ஞைச் சங்கிலியில் டிஆர்பிஎம்5 என்ற கால்வாய், செல் சவ்வில் திறந்து மூடும் ஒரு வாசல், இருக்கிறது. சூடு ஏறினால் அது சுறுசுறுப்பாகத் திறக்கும், குளிர்ந்தால் சோம்பிவிடும். உருகிய ஐஸ்கிரீம் திகட்டுவது இதனால்தான். புளிப்புக்கு இந்தச் சோம்பல் அவ்வளவு இல்லை. ஆகவே அறை வெப்பத்தில் சரியாக இருந்த கலவை குலுக்கிய பிறகு புளிப்பாகத் தெரியும். குலுக்கும் முன் சுவைத்துப் பார்த்து, "கொஞ்சம் இனிப்புத் தூக்கலோ" என்று தோன்றினால் அளவு சரி என்று அர்த்தம். குளிருக்கு இன்னொரு உபகாரமும் உண்டு. மிளகாயின் எரிச்சலை உணரும் டிஆர்பிவி1 ஏற்பி வழக்கமாக 42 டிகிரிக்கு மேல்தான் சூடு என்று அலறும். ஆல்கஹால் அந்த எல்லையை 34 டிகிரி வாக்குக்கு இறக்கிவிடுகிறது, அதாவது உடம்புச் சூடே சுடுகிறது. தொண்டையில் வோட்கா எரிவது அந்த அலறல்தான். பானம் சில்லென்று இருந்தால் ஏற்பி அமைதியாக இருக்கும்.

கோப்பை விளிம்பில் எலுமிச்சையைத் தடவிச் சர்க்கரையில் ஒற்றி எடுப்பது லெமன் டிராப்பின் அடையாளம். பாதி விளிம்புக்கு மட்டும் பூசினால், எந்தப் பக்கம் குடிக்கலாம் என்று குடிப்பவரே முடிவு செய்துகொள்வார். பொடித்த சர்க்கரையை விட மெல்லிய பருக்கைச் சர்க்கரை நல்லது. வாயில் மெதுவாகக் கரைந்து, புளிப்பு வரும்போதெல்லாம் பக்கத்தில் நிற்கும்.

இத்தனை மறைப்புக்கும் பிறகு உள்ளே என்ன இருக்கிறது? 60 மி.லி. வோட்காவில் 24 மி.லி. சுத்த ஆல்கஹால், எடையில் சுமார் 19 கிராம். இனிப்பும் குளிரும் நாக்கை ஏமாற்றலாம், கல்லீரலிடம் இந்த வித்தை பலிக்காது. பல்லிடமும் பலிக்காது: பிஹெச் (இந்த எண் குறையக் குறைய அமிலம் கூடும்) 5.5-க்குக் கீழே எனாமல் கரையத் தொடங்கும், இந்தப் பானம் 3-க்கும் கீழே. குடித்ததும் வாய் கொப்பளியுங்கள், உடனே பல் துலக்க வேண்டாம். சர்பத்து போல இறங்குகிறதே என்று இரண்டாவது கோப்பைக்குக் கை நீள்வதுதான் இதன் ஆபத்து. வண்டிச் சாவி அன்றைக்கு வேறொருவர் கையில் இருக்கட்டும்.

நான் இப்போது எல்லா அளவையும் பாதியாக்கிவிட்டேன். குலுக்கியபின் கோப்பையில் ஐஸ் கிடையாது. வடிகட்டி ஊற்றிய கணத்திலிருந்து சூடேறத் தொடங்கிவிடும். நீண்ட காம்புக் கோப்பை கைச்சூட்டைத் தள்ளி வைத்தாலும் சென்னைக் காற்று விடுவதில்லை. கால் மணி நேரம் கழித்துக் கோப்பையில் மிச்சமிருப்பதைக் குடித்தால் பாகு மாதிரி இனிக்கிறது, யாரோ சர்க்கரை அள்ளிப் போட்டதுபோல. ஃபிரிட்ஜில் குளிர வைத்த சின்னக் கோப்பையில் 75 மி.லி. ஊற்றினால், முதல் வாய்க்கும் கடைசி வாய்க்கும் அதே புளிப்பு கிடைக்கிறது.