யூபோனியம் 'இன்னிசைக்குழல்' ஆகாது

திருவிழாக் காலம் வந்துவிட்டால் ராமநாதபுரம் கரையில் நோட்டீஸுக்குப் பஞ்சமில்லை. பாம்பன், தங்கச்சிமடம், மூக்கையூர் என்று கடலோரத்து மாதா கோயில், சந்தியாகப்பர் கோயில் எல்லாவற்றிலும் கொடியேற்றம், நவநாள், தேர்பவனி. தேருக்கு முன்னால் பேண்டு. அந்தப் பேண்டைப் பற்றிய வரியில் கொஞ்ச காலமாக ஒரு சொல் தலைகாட்டுகிறது: 'இன்னிசைக்குழல்'. படிப்பவர் யாரோ புல்லாங்குழல் வாசிக்க வருகிறார் என்றுதான் எண்ணிக்கொள்வார். வருவதோ யூபோனியம், உதட்டை வைத்து ஊதும் பெரிய பித்தளை வாத்தியம். எந்த ஊர் நோட்டீஸ் என்பது வேண்டாம். ஒரு ஊரில் அடித்ததைப் பார்த்து அடுத்த ஊரிலும் அப்படியே அடித்துவிட்டார்கள். எங்கள் பேண்டில் நான் வாசிப்பது இந்த வாத்தியம்தான் என்பதால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

வேர் எளிது. கிரேக்கத்தில் 'யூ' என்றால் நல்ல, 'போனே' என்றால் குரல் அல்லது ஒலி. 'நல்ல குரலுடையது' என்பது பொருள். டெலிபோனில் வருகிற அதே போன்தான். 1843 வாக்கில் ஜெர்மனியின் வைமார் நகரத்து பெர்டினாண்ட் சோமர் செய்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். ராணுவ பேண்டு வழியாக உலகம் முழுக்கப் பரவியது. வேர்க்கதை இவ்வளவு போதும்.

இப்போது 'இன்னிசைக்குழல்'. அகராதியில் 'நல்ல குரல்' என்று பார்த்தவர் அதை 'இன்னிசை' ஆக்கியிருக்கிறார். தமிழில் இன்னிசை என்றதும் நினைவுக்கு வருவது இன்னிசைக் கச்சேரி, அதாவது கீபோர்டும் சினிமாப் பாட்டும். இலக்கணம் படித்தவராக இருந்தால் இன்னிசை வெண்பா. எந்த வாத்தியம்தான் இன்னிசை தராது? கிளாரினெட்டும் வயலினும் கேட்டால் கோபித்துக்கொள்ளும். கிரேக்கச் சொல் பேசுவது குரலைப் பற்றி. யூபோனியத்தின் ஒலி ஆணின் நடுக்குரலுக்குப் பக்கத்தில் வரும் என்பதால் அந்தப் பெயர் பொருந்துகிறது. 'இசை' என்று மாற்றியதும் அந்தப் பொருத்தம் போய்விட்டது.

'குழல்' இதைவிட மோசம். புல்லாங்குழலில் காற்று துளையின் விளிம்பில் மோதி ஒலி பிறக்கிறது. விரலை எடுத்துத் துளையைத் திறந்தால் காற்றுத்தம்பம் குறுகும், சுருதி ஏறும். யூபோனியத்தில் விரல் வைக்க ஒரு துளையும் கிடையாது. கிண்ணம் போன்ற மௌத்பீஸில் உதட்டை வைத்து உதடே அதிர ஊத வேண்டும். பிஸ்டனை, அதாவது விரலால் அழுத்தும் வால்வை, அழுத்தினால் கூடுதல் குழாய் வந்து சேர்ந்துகொள்ளும், நீளம் கூடும், சுருதி இறங்கும். இரண்டாவது பிஸ்டன் அரைச் சுரம், முதலாவது ஒரு சுரம், மூன்றாவது ஒன்றரை. மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கணக்குக் கொஞ்சம் பிசகும், சுருதி மேலே நிற்கும். அதைச் சரிக்கட்டத்தான் இங்கிலாந்தில் பிளெய்க்லி என்பவர் 1874-இல் ஈடுசெய்யும் வால்வு முறையைக் கொண்டுவந்தார். ஆக, ஒலி பிறக்கும் விதமும் வேறு, விரலின் வேலையும் நேர் எதிர். இரண்டுக்கும் ஒரே பெயர் வைப்பவர் இரண்டில் எதையுமே கையில் எடுத்துப் பார்த்திருக்க மாட்டார்.

இதை வாசிப்பதில் உள்ள சுகமே அந்த உதட்டிலும் நெஞ்சிலும்தான் இருக்கிறது. இடுப்புப் பிள்ளையைப் போல வாத்தியத்தை அணைத்துக்கொண்டுதான் வாசிக்க வேண்டும். கீழ்ச்சுரத்தை நீட்டிப் பிடித்தால் பித்தளையின் அதிர்வு விலா எலும்பு வரைக்கும் வரும். சுருட்டி வைத்திருக்கும் குழாயை நீட்டினால் சுமார் ஒன்பது அடி, டிராம்போன் நீளம்தான். ஆனால் டிராம்போன் குழாய் பெரும்பகுதி ஒரே அகலம். இது மௌத்பீஸிலிருந்து 'மணி' எனப்படும் அகன்ற முனை வரைக்கும் பெரும்பாலும் விரிந்துகொண்டே போவதால் ஒலி கூர்மையாக இல்லாமல் உருண்டு வரும். மாதா பாட்டின் மெட்டை டிரம்பெட் எடுத்துக்கொண்டு போகும்போது, இது கீழே தனியாக இன்னொரு மெட்டு நடத்தும். ஜூலை 25 சந்தியாகப்பர் திருவிழாச் சமயத்தில் கச்சான் காற்று மணலை வாரி இறைக்கும். மணி மேலே பார்த்திருப்பதால் இதன் ஒலியில் பாதியைக் காற்றே கொண்டுபோய்விடும். தேருக்குப் பக்கத்தில் நடப்பவருக்குத்தான் முழுசாகக் கிடைக்கும். குழாயில் உள்ள சாவியைத் திறந்து உள்ளே சேர்ந்த தண்ணீரை வடிக்கும்போது சிறுபிள்ளைகள் "எச்சில், எச்சில்" என்று ஒதுங்குவார்கள். அதில் பெரும்பகுதி மூச்சின் ஈரம் குளிர்ந்து சேர்ந்த நீர். உப்புக்காற்றுக்குப் பிஸ்டன் இறுகிக்கொள்ளும், பித்தளையில் களிம்பு ஏறும். வீட்டுக்கு வந்ததும் துடைத்து எண்ணெய் விடாவிட்டால் அடுத்த வாரம் அழுத்திய பிஸ்டன் மேலே வராது.

சரி, தமிழில் வேறு பெயரே கிடையாதா? 'வளைகொம்பு' என்று ஒருவர் சொன்னார். உதடு அதிர ஊதுவது என்பதால் குழலைவிட ஆயிரம் மடங்கு தேவலை. ஆனால் கொம்பு இன்றைக்கும் கோயில்களில் ஊதப்படுகிற, தனக்கென்று உருவம் உள்ள வாத்தியம். அதுவே வளைந்துதான் இருக்கும். அதன் பெயரைப் பறித்து இதற்குக் கொடுப்பது நியாயமில்லை.

எனக்குப் பிடித்தது 'தூம்பு'. உள்ளே வெறுமையாக உள்ள குழாய் என்று பொருள். கண்மாய் நீர் வெளியேறும் வழியையும் கல்வெட்டுகள் தூம்பு என்கின்றன. கண்மாயை நம்பிப் பிழைக்கும் இந்த மாவட்டத்துக்கு அது அந்நியச் சொல் இல்லை. ஊதுகிற தூம்பு மலைபடுகடாத்தில் வருகிறது. அங்கே அதன் ஒலியை யானையின் மூச்சோடு சேர்த்துச் சொல்லியிருக்கிறார்கள். யூபோனியத்தின் கீழ்ச்சுரத்தைக் கேட்டவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. வேர்ப்பொருளும் வேண்டுமென்றால் 'இன்குரல் தூம்பு' என்று வைத்துக்கொள்ளலாம். பழைய தூம்பு இன்று பரவலாகப் புழங்காததால் குழப்பமும் வராது.

ஆனால் நோட்டீஸில் இது வேண்டும் என்று நான் அடம்பிடிக்க மாட்டேன். ஆர்மோனியம் வந்தது, ஆர்மோனியமாகவே நின்றது. ஏ.கே.சி. நடராஜன் கிளாரினெட்டில் கர்நாடக இசை வாசித்தார், கத்ரி கோபால்நாத் சாக்ஸபோனில் வாசித்தார். பெயரை மாற்றாததால் ராகம் கெட்டுப்போகவில்லை. மொழிபெயர்ப்பவர்களுக்குத்தான் கை சும்மா இருப்பதில்லை. பித்தளை வாத்தியங்களை மொத்தமாகக் 'கஞ்சக்கருவிகள்' என்று எழுதியதையும் பார்த்திருக்கிறேன். கஞ்சக்கருவி என்றால் தாளமும் சேகண்டியும். உலோகம் என்றதும் கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடுகிறார்கள். யூபோனியம் எதனால் செய்யப்பட்டிருந்தாலும் நம் கணக்கில் அது துளைக்கருவிதான், அதாவது காற்றை ஊதி வாசிப்பது.

அடுத்த முறை அச்சுக்குக் கொடுக்கும்போது 'டிரம்பெட், கிளாரினெட், யூபோனியம்' என்று போட்டால் போதும். இடம் மிச்சமிருந்தால் வாசிப்பவர் பெயரையும் போடலாம். டிரம்பெட்காரர் பெயர் மட்டும் எப்போதும் கொட்டை எழுத்தில் வருவது தனி வழக்கு. அதை அப்புறம் பேசிக்கொள்வோம்.