பெடல் கல்லு மாதிரி இருந்தால் பிரேக் நல்லா இருக்குன்னு அர்த்தமில்லை

இந்த சீசனில் இது மூன்றாவது கார். பழைய ரேஸ் காரை வாங்கிய பையன் ஒருவன், முதல் பயிற்சி நாளில் நேர்ப்பாதையின் முடிவில் பிரேக்கை அழுத்தி மிதித்தான். பின்சக்கரங்கள் முதலில் லாக் ஆகி, வண்டி சுழன்று டயர் சுவரில் மோதியது. மணிக்கட்டில் எலும்பு முறிவு. வாங்கிய அன்றே ஒரு மணி நேரம் செலவழித்திருந்தால் இது நடந்திருக்காது. எனக்கு ஆறவே இல்லை.

பெடல் பக்கம் திறந்து பார்த்தேன். மிதிக்கும் பலத்தை முன், பின் பிரேக்குகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பேலன்ஸ் பாரை முன்பக்கத்துக்குத் திருகித் திருகி, இனி திருக இடமே இல்லாமல் நின்றது. முன் பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டரில், அதாவது பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளும் சிலிண்டரில், பெயின்டைச் சுரண்டினேன். 7/8 என்று எழுத்து தெரிந்தது, அங்குலத்தில் பிஸ்டனின் விட்டம் அது. பின்பக்க சிலிண்டரில் 3/4. விற்றவரைக் கேட்டால், "பெடல் பஞ்சு மாதிரி அமுங்குச்சுண்ணே, அதான் முன்னாடி பெரிய சிலிண்டரா போட்டேன். இப்ப கல்லு மாதிரி நிக்குது" என்றார். ஏமாற்றும் ஆள் இல்லை. அப்படித்தான் நம்பியிருக்கிறார்.

எத்தனை முறை சொன்னாலும் இன்னொரு முறை சொல்ல வேண்டியிருக்கிறது: மாஸ்டர் சிலிண்டர் பெரிதானால் பிரேக் பிடிப்பு குறையும். ஆணியின் கூர்முனையை மரத்தில் வைத்து அடித்தால் இறங்குகிறது, தலைப்பக்கத்தை வைத்து அடித்தால் இறங்குவதில்லை. இங்கேயும் அதே கணக்கு. 3/4 அங்குல பிஸ்டனின் பரப்பு சுமார் 285 சதுர மி.மீ. 7/8 அங்குலத்துக்கு 388. அதே காலால் அதே பலத்தோடு மிதித்தாலும் பிரேக் ஆயிலில் ஏறும் அழுத்தம் நாலில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிடும். பெரிய பிஸ்டன் கொஞ்சம் நகர்ந்தாலே நிறைய ஆயிலைத் தள்ளிவிடுவதால் பெடல் சீக்கிரம் கெட்டியாகிறது. காலுக்குத் தெரிவது அந்தக் கெட்டித்தனம் மட்டும்தான். டிஸ்க்கை பேட் எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறது என்பது காலுக்குத் தெரியாது. இந்த வண்டியில் முன் பிரேக் மட்டும் பலம் குறைந்ததால் பின் பிரேக் முந்திக்கொண்டது. அப்புறம் வண்டி சுழலாமல் என்ன செய்யும்?

பழைய ரேஸ் கார் என்றால் உள்ளே யார் யார் என்னென்ன மாற்றினார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதனால் அளந்துதான் ஆக வேண்டும். சிலிண்டர் மேலே இருக்கும் எழுத்தைப் பாருங்கள், ஆனால் அதோடு விடாதீர்கள். பிஸ்டனைக் கழற்றி வெர்னியர் வையுங்கள். பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பரிலும் பிஸ்டன் விட்டத்தை அளந்து எழுதி வையுங்கள். நாலு பிஸ்டன் காலிப்பரையும் ஒற்றைப் பிஸ்டன் மிதக்கும் காலிப்பரையும் ஒப்பிடும்போது, நாலு பிஸ்டனில் ஒரு பக்கத்து இரண்டை மட்டும் கணக்கில் சேர்க்க வேண்டும். தொழில் தெரிந்தவர்களே இதில் தவறுகிறார்கள். முன்னும் பின்னும் என்ன பேட் என்று தெரியவில்லையா? நிறத்தைப் பார்த்து ஊகிக்காமல் நாலு சக்கரத்துக்கும் புதிதாகப் போடுங்கள். டிஸ்க்கில் குறைந்தபட்ச கனம் பொறித்திருந்தால் சரிபாருங்கள். ஆயிலை முழுக்க மாற்றுங்கள். டாட் 4 ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ்; ஈரம் உறிஞ்சிய பிறகு அதற்கான வரம்பே 155தான்.

சாலைக் காராகப் பிறந்த வண்டி என்றால் பின் பிரேக்கின் ஆயில் லைனில், அழுத்தத்தைக் குறைக்கும் பழைய பிரஷர் வால்வு ஒளிந்திருக்கும். பேலன்ஸ் பாரோடு அதுவும் சேர்ந்தால் எந்த அட்ஜஸ்ட்மென்டையும் நம்ப முடியாது.

அளந்தாயிற்றா? சரி, இப்போது பாரை நடுவில் வையுங்கள். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, ஒருவர் பெடலை மெதுவாக மிதிக்க, இன்னொருவர் சக்கரங்களைக் கையால் சுற்றட்டும். முன்சக்கரம் நிற்கும் நேரத்தில் பின்சக்கரம் இன்னும் சுற்ற வேண்டும். பிரஷர் கேஜ் இருந்தால் இரண்டு லைனிலும் மாட்டிப் பாருங்கள், இன்னும் நல்லது. அடுத்து, ஒரு லைனின் பிளீட் நிப்பிளை (காற்றை வெளியேற்றும் சின்னத் திருகு) திறந்துவிட்டு மிதியுங்கள். மற்ற லைனில் அழுத்தம் ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் பார் சாய்ந்து முட்டுகிறது, அந்த வண்டியை ஓட்டாதீர்கள். கடைசியாக டிராக்கில் நேர்ப்பாதையில், குறைந்த வேகத்தில் தொடங்கிப் படிப்படியாகப் பாருங்கள். மழை வந்தால், டயர் மாறினால் ஒன்றிரண்டு சுற்று திருப்பத்தான் பேலன்ஸ் பாரின் நாப். கடைசி வரை திருப்பியும் சரிவரவில்லை என்றால் உள்ளே சைஸ் தப்பு. தயவுசெய்து, அந்த நிலையில் வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.

அந்தப் பையனின் வண்டிக்கு முன்னாலும் 3/4 போட்டோம். விற்றவர் சொன்னது போலவே பெடல் பஞ்சாக அமுங்கியது. சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால், முன் காலிப்பர்கள் இடம் வலம் மாறியிருந்தன. பிளீட் நிப்பிள் கீழே பார்த்துக்கொண்டிருக்க, காற்று மேலே மாட்டிக்கொண்டிருந்தது. மாற்றிப் பூட்டி, ஏர் எடுத்து முடித்ததும் பெடல் கெட்டியாக நின்றது. பார் நடுவில் இருக்கும்போதே முன்சக்கரம் முதலில் பிடித்தது.