பல் இடுக்குச் சொத்தையும் ஏற்காட்டுப் பனியும்

மாம்பழ சீசனில் சேலத்துக்காரர் பல்லில் நார் சிக்குவது புதிதல்ல. எனக்குப் போன வருஷம் இடது கடைவாயில் ஒரே இடுக்கில் திரும்பத் திரும்பச் சிக்கியது. இடுக்கு லேசாகத் தளர்ந்தாலே நார் சிக்கும். அதை வைத்துச் சொத்தை என்று சொல்லிவிட முடியாது. இருந்தாலும் பல் டாக்டரிடம் போனேன்.

முதலில் ஓபிஜி என்ற பெரிய எக்ஸ்ரே. தலையைச் சுற்றி மிஷின் ஓடி, வாய் முழுவதையும் ஒரே படமாகக் கொடுத்தது. நான் சந்தேகப்பட்ட இடத்தில் பக்கத்துப் பல் ஏறிப் படுத்திருந்தது. அப்புறம் சின்ன சென்சார் ஒன்றைக் கடிக்கச் சொல்லி எடுத்தார்கள். அதில் எள்ளளவு கறுப்பு முக்கோணம் தெரிந்தது.

பெரிய படம் கோட்டைவிட்டதைச் சின்னப் படம் பிடித்தது எப்படி? இடுக்குச் சொத்தை, இரண்டு பற்கள் தொட்டுக்கொள்ளும் இடத்துக்குச் சற்று ஈறுப் பக்கமாகத் தொடங்கும். கதிர் அந்த இடுக்கின் வழியாக நேராகப் போனால்தான் அது தெரியும். கொஞ்சம் சாய்ந்தாலும் ஒரு பல் இன்னொன்றை மறைத்துவிடும். ஓபிஜியில் இது அடிக்கடி நடக்கும். கடித்துப் பிடிக்கும் பைட்விங் முறையை 1925-இல் ஹவர்ட் ரேப்பர் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் கொண்டுவந்தார். இந்த வேலைக்கு இன்றும் அதுதான் முதல் தேர்வு. சிபிசிடி ஸ்கேன் முப்பரிமாணத்தில் காட்டும், உண்மைதான். ஆனால் கதிர்வீச்சு அதிகம். உலோக அடைப்பு இருந்தால் படமெல்லாம் கோடு கோடாகிவிடும். இடுக்குச் சொத்தைக்காக மட்டும் அதை எடுப்பது வீண்.

பைட்விங்குக்கும் ஒரு குறை உண்டு. எக்ஸ்ரேயைத் தடுப்பது, பல்லின் கெட்டியான மேலுறையான எனாமலில் உள்ள தாது உப்பு. சொத்தைக்கு முன்னும் பின்னும் நல்ல எனாமல் நிற்பதால், அந்த இடத்தில் 30-40 சதவீதம் தாது கரைந்த பிறகே கறுப்பு கண்ணுக்குப் புலப்படும்.

இங்கேதான் அகச்சிவப்பு ஒளி கைகொடுக்கிறது. ஏற்காடு மலைப்பாதையில் தெளிந்த இரவில் ஹெட்லைட் அடுத்த கொண்டை ஊசி வளைவு வரை போகும். பனி இறங்கினால் அதே வெளிச்சம் நாலா பக்கமும் சிதறி, பத்தடி தாண்டாது. பல்லிலும் இதே கதைதான். சுமார் 780 நானோமீட்டர் ஒளியை ஈறுப் பக்கமிருந்து பாய்ச்சினால், நல்ல எனாமல் அதை வழிவிட்டு அனுப்பும். தாது கரைந்து நுண்துளை விழுந்த இடம் பனிமூட்டம் மாதிரி ஒளியைச் சிதறடிக்கும். மேலே இருக்கும் கேமராவில் அது நிழலாக விழும். எக்ஸ்ரே கதிர்வீச்சே கிடையாது, எத்தனை முறை வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆனால் எனாமலுக்கு உள்ளே இருக்கும் டென்டினே ஒளியைச் சிதறடிக்கும் என்பதால், சொத்தை நரம்பை எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்று இதில் தெரியாது. அந்த ஆழத்துக்கு எக்ஸ்ரேதான்.

மேல்பரப்பு உடைந்து குழி விழுந்துவிட்டதா என்பதை இரண்டுமே உறுதியாகச் சொல்லாது. என் டாக்டர் செய்தது பழைய வித்தை: இடுக்கில் சின்ன ரப்பர் வளையத்தைச் செருகி அனுப்பினார். இரண்டு நாள் தோசையைக்கூட வலது பக்கமே மென்றேன். மூன்றாம் நாள் இடுக்கு நூலளவு விரிந்திருந்தது. உள்ளே, சேலத்துக் கருப்பூர்ப் பக்கம் கிடைக்கும் மேக்னசைட் என்ற வெள்ளைக் கல் மாதிரி வெளிறிய ஒரு புள்ளி. குழி இல்லை. ஃப்ளோரைடு வார்னிஷ் தடவிவிட்டு, டிரில்லைத் தொடாமலே அனுப்பிவைத்தார்.