பவளத் தொட்டியில் பாசியும் உப்புத் தண்ணீரின் நுரையும்

டர்பனுக்குப் பக்கத்தில் சாட்ஸ்வொர்த்தில், வீட்டிலேயே கடல்நீர்த் தொட்டி வைத்துப் பவளம் வளர்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பாறை முழுக்கப் பச்சை முடி மாதிரி பாசி. பிடுங்கிப் போட்டாலும் மறுபடி வந்துவிடுகிறது. இது கண்திருஷ்டி, ஒரு செப்புக் காசைத் தொட்டிக்குள் போடு என்கிறார் பெரியம்மா. போடலாமா?"

தயவுசெய்து போட வேண்டாம். நம் தென்னாப்பிரிக்காவின் பழைய 5 சென்ட் காசின் மேல்பூச்சு செம்பு. அது கரைந்தால் முதலில் சாவது நத்தையும் இறாலும் பவளமும்தான். பாறையிலும் மணலிலும் ஏறிய செம்பு அப்புறமும் கசிந்துகொண்டே இருக்கும். பெரியம்மாவின் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் திருஷ்டி என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் காரணத்தைத் தேடுவதில்லை. அதனால்தான் அந்தப் பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை.

காரணம் நமக்குத் தெரிந்ததுதான். வெளிச்சம், நைட்ரேட், பாஸ்பேட் மூன்றும் கிடைத்தால் பாசி வளரும். மீன் தின்னாமல் விட்ட தீனியும் மீனின் கழிவும் அழுகி, பாக்டீரியா வழியாக நைட்ரேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் மாறுகின்றன. குழாய்த் தண்ணீரிலும் இவை வரலாம். ஆகவே ஆர்.ஓ. தண்ணீரில் உப்புக் கலக்குங்கள், தீனியைக் குறையுங்கள், பாசி தின்னும் டர்போ நத்தைகளை விடுங்கள். மேய்கிற உயிர்களைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 1983-84இல் கரீபியன் கடலில் பாசியை மேயும் நீள்முள் கடல்முள்ளெலிகள் நோய் கண்டு பத்தில் ஒன்பதுக்கு மேல் செத்துப்போயின. பல இடங்களில் பவளப்பாறையைப் பாசி மூடிவிட்டது. அதற்காக நைட்ரேட், பாஸ்பேட்டைச் சுத்தமாகப் பூஜ்யத்துக்கும் இறக்காதீர்கள். பவளம் வெளிறும், டைனோஃபிளாஜெல்லேட் என்ற பழுப்புச் சளி அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

சரி, நான் ஆசையாகச் சொல்ல வந்தது கழிவை நுரையாக்கி வெளியேற்றும் ஸ்கிம்மர் என்ற கருவியைப் பற்றி. மேல்தொட்டித் தண்ணீர் வந்து சேரும் கீழ்த்தொட்டியில் நிற்கும் அதன் குழாய்க்குள் பம்ப் காற்றையும் தண்ணீரையும் அடித்துக் கலக்குகிறது. வெள்ளையாக நுரை எழுந்து கழுத்து வழியே ஏறி, மேலிருக்கும் கிண்ணத்தில் தேநீர் நிறத்தில் நாற்றமடிக்கும் கழிவாக வடிகிறது. பருப்பு வேகும்போது மேலே கட்டும் நுரையைக் கரண்டியால் வழித்து எடுப்போமே, அதே வேலைதான். புரத மூலக்கூறின் ஒரு பகுதிக்குத் தண்ணீர் பிடிக்கும், இன்னொரு பகுதிக்குப் பிடிக்காது. காற்றும் தண்ணீரும் சந்திக்கும் பரப்பில் இரண்டுக்கும் இடமுண்டு என்பதால் அது அங்கே போய் ஒட்டிக்கொள்கிறது. எனவே பரப்பு எவ்வளவு அதிகமோ, அவ்வளவு கழிவு மாட்டும்.

இங்கேதான் குமிழியின் அளவு முக்கியமாகிறது. ஒரு லிட்டர் காற்றை 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள குமிழிகளாக்கினால் மொத்தப் பரப்பு 1.2 சதுர மீட்டர். அதே காற்றை அரை மில்லிமீட்டர்க் குமிழிகளாக்கினால் 12 சதுர மீட்டர்! போதாததற்கு, சின்னக் குமிழி மெதுவாக ஏறுவதால் கழிவு ஒட்ட நேரமும் கிடைக்கிறது.

நல்ல தண்ணீரில் இந்த வித்தை பலிக்காது. இரண்டு குமிழிகள் நெருங்கினால் நடுவிலுள்ள மெல்லிய நீர்ப்படலம் நொடிப்பொழுதில் வடிந்து கிழிந்து, இரண்டும் ஒன்றாகப் பெருத்துவிடும். உப்புத் தண்ணீரில் அந்தப் படலம் தாக்குப்பிடிக்கிறது. குமிழிகள் மோதுகின்றன, விலகுகின்றன, சேர்வதில்லை. லிட்டருக்கு 10 கிராம் உப்பு இருந்தாலே இது நடக்கும். கடலில் சுமார் 35 கிராம் இருக்கிறது. வீட்டிலேயே பார்க்கலாம். இரண்டு பாட்டில்களில் பாதியளவு தண்ணீர் ஊற்றி, ஒன்றில் மட்டும் அந்த 35 கிராம் கணக்கில் உப்பைக் கரைத்து, இரண்டையும் ஒன்றாகக் குலுக்கி வையுங்கள். உப்பில்லாத பாட்டில் சட்டென்று தெளியும். மற்றதில் பொடிக் குமிழிகள் பால் போலக் கலங்கி, கொஞ்சம் தாமதித்துத்தான் தெளியும். டர்பன் கடற்கரையில் அலை உடைகிற இடம் அப்படி வெளுத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஏன் சேர்வதில்லை? 1993இல் கிரெய்க், நின்ஹாம், பாஷ்லி ஆகிய மூவர் 'நேச்சர்' இதழில் ஒரு வினோதத்தை எழுதினார்கள். சாதாரண உப்பு குமிழிகளைச் சேரவிடாமல் தடுக்கிறது. ஆனால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் தடுப்பதில்லை, சோடியம் அசிடேட் என்ற வேறொரு உப்பும் தடுப்பதில்லை. எந்த அயனி (தண்ணீரில் கரையும்போது பிரிகிற மின்னேற்றத் துகள்) எதனுடன் ஜோடி சேர்கிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறுகிறது. ஜோடிகளுக்கான விதி கிடைத்துவிட்டது. அதற்கான முழு விளக்கம் இன்னும் சர்ச்சையில்தான் இருக்கிறது. நம் நாட்டில் பிளாட்டினத் தாதுவைப் பிரிப்பதும் நுரையால்தான், அதனால் சுரங்க நுரையை ஆராயப் பணம் வருகிறது. உப்புத் தண்ணீரில் குமிழிகள் ஏன் சேர்வதில்லை என்று வெறும் ஆர்வத்தில் கேட்பவருக்கும் அதில் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தொட்டிக்கு வருவோம். கரைந்த நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் குமிழியில் ஒட்டாது. கழிவு அழுகி உரமாவதற்கு முன்பே அதில் ஒரு பங்கை வெளியேற்றுவதுதான் ஸ்கிம்மரின் வேலை. ஏற்கெனவே பாறையில் ஏறிய பாஸ்பேட் மெல்லத்தான் கசிந்து வரும், அதை இரும்பு ஆக்சைடு மணிகளால் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்ச வேண்டும். பாசி குறைய மாதக்கணக்கில் ஆகலாம், பதற வேண்டாம்.

மின்வெட்டு (லோட் ஷெடிங்) நேரத்தில் மட்டும் கவனம் தேவை. கரண்ட் போனதும் மேல்தொட்டித் தண்ணீர் கீழே வடிந்து, கீழ்த்தொட்டி மட்டம் உயரும். கரண்ட் வந்தவுடன் ஸ்கிம்மரும் ஓடினால் நுரை பொங்கி, கிண்ணத்துக் கழிவு மறுபடி தொட்டிக்கே போய்விடும். தண்ணீர் மட்டம் இறங்கிய பிறகு ஸ்கிம்மரைப் போடுங்கள். கழுத்தின் உட்புறம் படியும் பிசுக்கையும் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை துடைத்துவிடுங்கள், அது இருந்தால் நுரை மேலே ஏறாது.