வீட்டெதிர் விளக்குக் கம்பத்தில் ஸ்மால் செல்: சிட்டி எதைத் தடுக்கலாம், எதைத் தடுக்க முடியாது

அமெரிக்காவில் பல ஊர்களில், வீட்டெதிரே உள்ள விளக்குக் கம்பத்தில் ஒருநாள் நோட்டீஸ் தொங்கும். அங்கே ஸ்மால் செல், அதாவது செல்போன் சிக்னல் தரும் ஆன்டெனாவும் அதன் கருவிகளும், வைக்க ஒரு நிறுவனம் பர்மிட் கேட்டிருக்கும். அதைப் பார்த்ததும் பலரும் சிட்டி (நகராட்சி) கூட்டத்துக்குப் போய்க் கதிர்வீச்சைப் பற்றித்தான் பேசுகிறார்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் அந்தக் கவலை வரத்தான் செய்யும். ஆனால் கருவி எஃப்.சி.சி. (அமெரிக்க அரசின் தொலைத்தொடர்பு ஆணையம்) வைத்த கதிர்வீச்சு வரம்புக்குள் இருந்தால், கதிர்வீச்சைக் காரணம் காட்டி உள்ளாட்சி மறுக்கக் கூடாது என்கிறது 1996ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம். வரம்புக்குள் இருப்பதற்கான சான்றை நிறுவனத்திடம் வாங்கும்படி சிட்டியைக் கேட்கலாம். கட்டாயம் கேளுங்கள்.

சிட்டியின் கையில் இருப்பவை இடமும் தோற்றமும். பெட்டி நடைபாதையில் சக்கர நாற்காலிக்கு வழி விடுகிறதா? கேபிள் வெளியே தொங்குகிறதா? குளிரூட்டும் விசிறி ராத்திரியில் இரையுமா? ஜன்னலுக்கு நேரே வருவதை அடுத்த கம்பத்துக்கு மாற்ற முடியுமா? இவற்றில் நியாயமான நிபந்தனை போடலாம். தோற்றம் பற்றிய விதிகளை மட்டும் முன்கூட்டியே வெளியிட்டிருக்க வேண்டும். விண்ணப்பம் வந்த பிறகு உட்கார்ந்து எழுதினால் செல்லாது.

'ஸ்மால்' என்ற பெயரை வைத்து அளவை எடைபோட வேண்டாம். ஒவ்வொரு ஆன்டெனாவும் 3 கன அடி வரை, மற்ற கருவிகள் எல்லாம் சேர்ந்து 28 கன அடி வரை இருக்கலாம். 28 கன அடி என்றால் ஒரு பெரிய ஃப்ரிட்ஜ்.

நாள் கணக்குதான் மிக முக்கியம். 2018இல் எஃப்.சி.சி. போட்ட உத்தரவின்படி, இருக்கிற கம்பத்தில் மாட்டுவதற்கு 60 நாளிலும், புதுக் கம்பம் நடுவதற்கு 90 நாளிலும் சிட்டி முடிவு சொல்லியாக வேண்டும். விண்ணப்பத்தில் குறை இருந்தால் முதல் 10 நாளுக்குள் சொல்ல வேண்டும். கெடு தவறினால் நிறுவனம் கோர்ட்டுக்குப் போகலாம். சில மாநிலச் சட்டங்களில், கெடு தாண்டினால் அனுமதி கிடைத்ததாகவே கணக்கு. அதனால் நோட்டீஸைப் பார்த்த வாரமே பேசுங்கள்.

கட்டணத்தில் சிட்டி லாபம் பார்க்க முடியாது. ஒரு கருவிக்கு ஆண்டுக்கு 270 டாலர் வரை நியாயம் என்று அதே உத்தரவு வைத்திருக்கிறது. அதற்கு மேல் கேட்டால் உண்மையான செலவைக் காட்ட வேண்டும்.

மறுப்பதானால் சிட்டி அதை எழுத்தில் தர வேண்டும். போதிய ஆதாரமும் சிட்டியின் எழுத்துப் பதிவில் இருக்க வேண்டும். நிறுவனம் 30 நாளுக்குள் வழக்குப் போட்டால் கோர்ட் பார்ப்பது அந்தப் பதிவைத்தான். கம்பத்துக்கும் உங்கள் வேலிக்கும் நடுவே டேப் பிடித்து, அங்குலக் கணக்கு தெரியும்படி ஒரு போட்டோ எடுங்கள். தேதி போட்டு, கூட்டத்துக்கு முன்பே சிட்டி கிளார்க்கிடம் கொடுங்கள். அப்போதுதான் அது பதிவில் ஏறும்.