அஸ்வகந்தா சாப்பிடுறீங்களா? டாக்டர்கிட்ட சொல்லிடுங்க

வேற ஏதாவது மாத்திரை எடுத்துக்கறீங்களான்னு கேட்டா முக்கால்வாசி பேர் இல்லைன்னுதான் சொல்வாங்க, போன வருஷம் என்கிட்ட வந்த ஒரு அம்மாவும் அப்படித்தான் சொன்னாங்க. பல வருஷமா ஒரே டோஸ்ல தைராய்டு மாத்திரை போட்டுட்டு நல்லா இருந்தவங்க, திடீர்னு படபடப்பு, கை நடுக்கம், ரிப்போர்ட் பார்த்தா டிஎஸ்எச் (தைராய்டை வேலை வாங்குற ஹார்மோன், உடம்புல தைராய்டு ஹார்மோன் அதிகமானா இது குறையும்) ரொம்ப கீழ போயிருக்கு. துருவித் துருவி கேட்டப்புறம் பையில இருந்து ஒரு டப்பாவை எடுத்து மேஜை மேல வெச்சாங்க. அஸ்வகந்தா. "இது மருந்து இல்லையே டாக்டர், மூலிகைதானே, தூக்கம் வரட்டும்னு ரெண்டு மாசமா சாப்பிடுறேன்"னாங்க.

அஸ்வகந்தான்னா நம்ம அமுக்கராக் கிழங்குதான். அது சும்மா நம்பிக்கைன்னு நான் சொல்லவே மாட்டேன். 2012ல இந்தியாவுல 64 பேரை வெச்சு ஒரு ஆய்வு வந்துச்சு, பாதி பேருக்கு வேர்ச்சத்து 300 மில்லிகிராம் தினம் ரெண்டு வேளை, மீதி பேருக்கு டம்மி மாத்திரை, 60 நாள் கழிச்சு பார்த்தா நிஜ மாத்திரை சாப்பிட்டவங்களுக்கு மன அழுத்தமும் குறைஞ்சிருக்கு, ரத்தத்துல கார்டிசால்ங்கற ஸ்ட்ரெஸ் ஹார்மோனும் சுமார் 28 சதவீதம் இறங்கியிருக்கு. நல்ல விஷயம்தான். ஆனா இந்த மூலிகை மேல நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் இப்படி சின்னதுதான், ரெண்டு மூணு மாசத்துல முடிஞ்சிடும், நம்ம ஆளுங்க வருஷக்கணக்கா சாப்பிடுறாங்களே, அதுக்கு இதை வெச்சு பதில் சொல்ல முடியாது.

கார்டிசாலையே இறக்குற பொருள் மத்த ஹார்மோனை தொடாதுன்னு எப்படி நினைக்கிறது? 2018ல தைராய்டு லேசா குறைவா இருந்த 50 பேரை வெச்சு பார்த்தாங்க, தினம் 600 மில்லிகிராம், 8 வாரத்துல டிஎஸ்எச் இறங்கி, தைராய்டு சுரக்குற டி3, டி4 ஹார்மோன்கள் ஏறியிருக்கு. ஏற்கனவே மாத்திரை போடுறவங்க இதையும் சேர்த்தா என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

கல்லீரல் விஷயத்தை இன்னும் சீரியஸா எடுத்துக்கோங்க. 2020ல ஐஸ்லாந்து, அமெரிக்கா ரெண்டுலயும் சேர்த்து 5 பேருக்கு மஞ்சள் காமாலை வந்ததை டாக்டர்கள் பதிவு பண்ணாங்க, நிறுத்தினதும் அதுல நாலு பேருக்கு சில மாசத்துல சரியாச்சு, அஞ்சாவது ஆளோட தகவல் அப்புறம் கிடைக்கல. இது அரிதுதான், ஆனா கண் மஞ்சளாச்சுன்னாலோ, சிறுநீர் கருத்துப் போனாலோ, உடம்பெல்லாம் அரிச்சாலோ அன்னைக்கே நிறுத்திட்டு எல்எஃப்டி (கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை) எடுத்துடுங்க. கர்ப்பமா இருக்கறவங்க, கல்லீரல் பிரச்சினை உள்ளவங்க தொடவே வேண்டாம், சுகர், பிரஷர், தூக்க மாத்திரை போடுறவங்க கேட்காம ஆரம்பிக்காதீங்க.

அந்த அம்மா டப்பாவை நிறுத்தினாங்க, தைராய்டு மாத்திரையை நான் மாத்தல, ஆறு வாரம் கழிச்சு எடுத்த டெஸ்ட்ல டிஎஸ்எச் பழைய இடத்துக்கே வந்துடுச்சு.