பனிக்காட்டு கவிதைக்குள்ள ஒரு அந்தாதி

அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் ஃப்ராஸ்ட்டோட 'ஸ்டாப்பிங் பை உட்ஸ் ஆன் எ ஸ்னோயி ஈவ்னிங்' மொத்தமே 16 வரிதான், குதிரையோட போறவன் ஒருத்தன் பனி கொட்டுற காட்டோரமா நின்னு பாக்குறான், அப்புறம் இன்னும் ரொம்ப தூரம் போகணுமேன்னு நினைக்கிறான், அவ்ளோதான். 1922 ஜூன்ல, ராத்திரி பூரா வேற ஒரு நீளமான கவிதை எழுதி முடிச்சு விடியுற நேரத்துல இத எழுதிருக்காரு.

சத்தமா வாசிச்சுப் பாருங்க: ஹூஸ் உட்ஸ் தீஸ் ஆர் ஐ திங்க் ஐ நோ. எட்டு அசை. நம்ம யாப்புல குறில், நெடில், ஒற்று பாத்துதான் நேர், நிரைன்னு பிரிப்போம், இங்கிலீஷ்ல எந்த அசைல குரல அழுத்துறோம்ங்கறதுதான் கணக்கு. இங்க உட்ஸ், ஆர், திங்க், நோ நாலும் அழுத்தம், நடுநடுவுல வர்றது மெல்ல. மெல்ல ஒண்ணு அழுத்தமா ஒண்ணு சேர்ந்த ஜோடிக்கு ஐயாம்ப்னு பேரு, வரிக்கு நாலு ஜோடி வந்தா டெட்ராமீட்டர். 16 வரியும் இந்த எட்டு அசைய விட்டு நகரல, குதிரை நடை மாதிரியே இருக்கும்.

ஆனா எனக்கு உயிரே ரைம்லதான் இருக்கு. முதல் பத்தில நோ, தோ, ஸ்னோ மூணும் சேருது, மூணாவது வரில வர்ற 'ஹியர்' மட்டும் ஜோடி இல்லாம நிக்குது. தனியா எடுத்தா இது ருபாயிங்கற பாரசீக நாலு வரிப் பாட்டோட அமைப்பு, உமர் கய்யாம் பாட்டுல பாத்திருப்பீங்க. ஃப்ராஸ்ட் அதோட விடல, அந்த 'ஹியர்' அடுத்த பத்தில க்வியர், நியர், இயர்னு கிளை விடுது, அங்க தனியா நிக்கிற 'லேக்' அதுக்கடுத்த பத்தில ஷேக், மிஸ்டேக், ஃப்ளேக் ஆகுது, அங்க மிஞ்சுன 'ஸ்வீப்' கடைசிப் பத்திக்குப் போகுது. நம்ம அந்தாதிதான், என்ன, சொல்லுக்கு பதிலா ஓசை கைமாறுது.

கடைசிப் பத்திக்கப்புறம் பத்தி கிடையாது, கைமாத்த ஆள் இல்ல. அதனால டீப், கீப், ஸ்லீப், ஸ்லீப்னு நாலு வரியும் ஒரே ஓசை, கடைசி ரெண்டு வரி அச்சு மாறாம ஒண்ணேதான். முதல் தடவை 'ஸ்லீப்'னா வீட்டுக்குப் போய் தூங்குறதுன்னு தோணும், அதையே திரும்ப சொல்றப்ப சாவு ஞாபகம் வருது, ஒரு எழுத்துகூட மாறல, வாய் மட்டும் தானா மெதுவாகுது.